மகள் பங்கு பிறந்த கதை

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும்போது மூன்று சகோதரர்களிலிருந்து தொடங்குவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூவரில் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியமர்ந்தார்கள் என்பது அவர்களிடம் வழிவழியாக வரும் கதை. தென்னிந்தியக் குலங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் தொகுத்த நூலிலும் இது பதிவாகியிருக்கிறது. மலையேறிய பிறகு அங்கங்கே இருந்த குடிகளில் மூவரும் பெண்ணெடுத்தார்கள் என்றும் கதை சொல்லும். மலைகள் மூன்று, அண்ணன் தம்பிகள் மூவர். கூடப்பிறந்தவள் ஒருத்தி இருந்தாளா, இருந்திருந்தால் அவளுக்கு எந்த மலை என்ற பேச்சே அதில் இல்லை.

சமவெளியிலும் நிலம் என்றால் அண்ணன் தம்பி கதைதான். 1959இல் வந்த 'பாகப்பிரிவினை' படம் அண்ணன் தம்பி பிரிவதைக் காட்டித்தான் ஊரையே அழவைத்தது. அக்கா தங்கைக்கு நகை, பாத்திரம், சீர்வரிசை. வயலும் தோப்பும் மகன்களுக்கு. மகனைப் போலவே மகளுக்கும் பிறந்தபோதே குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது 1989இல். அந்தப் பங்கு எங்கே கருவாகி, யார் யார் கையில் வளர்ந்தது, வரும் வழியில் யாரையெல்லாம் விட்டுவிட்டு வந்தது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். விட்டுவிட்டு வந்தவர்களில் கடைசி வரிசையில் நிற்பவர்கள் ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களின் பெண்கள். அவர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள் என்பதால்தான் பழங்கதையாக இதை ஒதுக்கிவைக்க முடியவில்லை.

தொடக்கத்தைத் தேடினால் வாக்குரிமையில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். ஆனால் அன்றைய வாக்கு எல்லோருக்குமானது அல்ல. நிலவரியோ சொத்துவரியோ கட்டுபவருக்கே வாக்குச்சீட்டு. ஆண்களிலேயே பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். பெண்ணுக்கோ பெயரில் நிலமே கிடையாது. வாக்குரிமை வந்த பிறகும் வாக்களிக்கத் தகுதி பெற்ற பெண்கள் சொற்பம். சொத்தில்லாதவளுக்கு அரசியலில் குரல் இல்லை, அரசியலில் குரல் இல்லாததால் சொத்துச் சட்டத்தை மாற்ற ஆள் இல்லை. இந்தப் பூட்டை வெளியிலிருந்து யாராவது உடைத்தாக வேண்டியிருந்தது.

உடைத்தவர் புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. 1926இல் பெண்கள் சட்டமன்ற உறுப்பினராகலாம் என்ற கதவு திறந்தது. அவர் நியமன உறுப்பினராக உள்ளே வந்தார். 1927இல் சபையே ஒருமனதாக அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன். திருச்செங்கோட்டை ஒட்டிய குமாரமங்கலம் அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அவர் மனைவி ராதாபாய் சுப்பராயன் 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். பின்னாளில் பிரிட்டிஷ் காலத்து மத்திய மேலவையான கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டுக்குப் போன முதல் பெண்ணும் அவரே. ஏற்காட்டுக்கு அடிவாரமான சேலம் சீமைக்குப் பெண்கள் அரசியலோடு இருக்கும் தொடர்பு அன்றே தொடங்கிவிட்டது.

முத்துலட்சுமி என்றதும் தேவதாசி ஒழிப்பு நினைவுக்கு வரும். அந்த முழுச் சட்டம் 1947இல்தான் வந்தது. ஆனால் 1929இலேயே அவர் நிறைவேற்ற வைத்த ஒரு திருத்தம் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என் கணக்கில் மகள் பங்கின் முதல் விதை அதுதான். கோயிலில் பொட்டுக்கட்டிய பெண்களுக்கு இனாம் நிலம் இருந்தது. கோயில் ஊழியம் செய்யும்வரை நிலம் அவர்களுடையது; ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். விடுதலை வேண்டும் என்று நினைத்த பெண்ணை அந்த நிலமே கட்டிப்போட்டது. 1929 திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவளிடமே இருக்கும் என்றானது. ஒரு பெண்ணை ஒரு வாழ்க்கையிலிருந்து மீட்டால் மட்டும் போதாது, அடுத்த வேளைச் சோற்றுக்கு அவள் காலுக்கடியில் நிலம் இருக்கவேண்டும் என்பதைத் தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி நன்றாக அறிந்திருந்தார். ஆண்களே நிறைந்த சபையில் தனியொரு பெண்ணாக நின்று இதைச் சாதித்தார்.

அதே 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தலைமை. சாதிப் பட்டங்களைத் துறப்பது முதல் விதவை மறுமணம் வரை பல தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. அவற்றில் ஒன்று, ஆண்களுக்குச் சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் பெண்களுக்கு வேண்டும் என்றது. அன்று அந்தத் தீர்மானத்துக்குச் சட்டபலம் எதுவும் கிடையாது. பந்தலில் உட்கார்ந்திருந்த பல குடும்பத் தலைவர்கள் வீட்டுக்குப் போய் மகள் பெயரில் நிலம் எழுதிவைத்திருப்பார்கள் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் பொதுமேடையில் ஒருமுறை சொல்லப்பட்ட கோரிக்கையை இல்லை என்றாக்க முடியாது. அறுபது ஆண்டுகள் கழித்து அது சட்டமாக வந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தது செங்கல்பட்டைத்தான்.

நீதிமன்றத்திலும் அதே ஆண்டில் ஒரு கதவு திறந்தது. பெண் என்பதற்காக ஒருவருக்கு வழக்குரைக்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. சட்டம் படித்த பி. ஆனந்தபாய் 1929இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொண்டார். இந்த மாகாணத்துப் பெண் வழக்கறிஞர்களின் முன்னோடி அவர். அந்தக் கட்டடத்தில் ஒரு பெண் நீதிபதி இருக்கையில் அமர அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பத்மினி ஜேசுதுரை 1986இல்தான் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கணவன் பங்கை அவள் வாழும் காலம்வரை அனுபவிக்கக் கொடுத்தது. விற்கவோ எழுதிவைக்கவோ முடியாது. மகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. அடுத்து இந்து சட்டத் தொகுப்பு மசோதா. மகனுக்கு இணையான பங்கு மகளுக்கும் வேண்டும் என்று அம்பேத்கர் கொண்டுவந்த மசோதா அது. சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போயிருந்த அம்மு சுவாமிநாதன், துர்காபாய் போன்றவர்கள் அதற்காகப் பேசினார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. மசோதா முடங்கியதில் மனம் வெறுத்து 1951இல் அம்பேத்கர் பதவி விலகினார். துண்டு துண்டாக வெட்டப்பட்ட மசோதாவின் ஒரு துண்டுதான் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம்.

1956ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு எதையும் கொடுக்கவில்லை என்று சொல்லக் கூடாது. கொடுத்தது. ஆனால் எவ்வளவு? ஒன்பது ஏக்கர் பூர்வீக நிலம், தாய் இல்லை, தந்தையும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் என்று வைத்துக்கொள்வோம். பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்குள்ளவர்கள் ஆண்கள் மட்டும். தந்தை இறந்தால், முதலில் அவரையும் மகன்களையும் சேர்த்து மூன்றாகப் பிரித்து ஆளுக்கு மூன்று ஏக்கர் என்று கணக்கிடுவார்கள். பிறகு தந்தையின் மூன்று ஏக்கரை மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிடுவார்கள். முடிவில் மகன்களுக்கு நான்கு நான்கு ஏக்கர், மகளுக்கு ஒன்று. சட்டப் புத்தகத்தில் சமத்துவம் என்றும் வயலில் நாலுக்கு ஒன்று என்றும் முப்பது வருடத்துக்கு மேல் இது ஓடியது.

இந்தக் கணக்கை முதலில் மாற்றியவை தென்மாநிலங்கள். கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டுக் குடும்பச் சொத்துமுறையையே எடுத்துவிட்டது. ஆந்திரம் 1986இல் மகளையும் பிறப்புரிமைப் பங்காளி ஆக்கியது. தமிழ்நாடு மூன்றாவது. 1989 ஜனவரியில் மு. கருணாநிதி மீண்டும் முதல்வரானார். அந்த ஆண்டிலேயே அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டமும் வந்தன. வாரிசுரிமைச் சட்டத்தில் 29-அ என்ற புதிய பிரிவும் சேர்ந்தது. மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி என்றது அந்தப் பிரிவு. அதே ஒன்பது ஏக்கர் இப்போது ஆளுக்கு மூன்று.

சட்டம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாக அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தேதியைத் தமிழ்நாடு வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. அன்று சட்டப்பேரவையில் நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்டபோது பெரும் அமளி வெடித்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா கலைந்த கோலத்தில் வெளியே வந்தார்; தன் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்றார். ஆளுங்கட்சி மறுத்தது. முதல்வராகத்தான் இந்த அவைக்குத் திரும்புவேன் என்று சூளுரைத்த அவர் 1991இல் அப்படியே திரும்பினார். மகளுக்குப் பங்கு பிறந்த நாளும், ஒரு பெண் எதிர்க்கட்சித் தலைவர் பேரவைக்குள் நிற்க முடியாமல் வெளியேறிய நாளும் ஒன்றாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. சட்டம் எழுதப்படும் அறைக்கும் அந்தச் சட்டம் தேவைப்படுகிறது என்பதற்கு அந்த நாளைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பாத்திமா பீவி உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார்.

29-அ பிரிவு ஒரு கோட்டையும் கிழித்தது. 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவர்களுக்குப் பங்கு இல்லை. ஒரே வீட்டில் அக்காவுக்குக் கிடையாது, தங்கைக்கு உண்டு. பிப்ரவரியில் தாலி கட்டிக்கொண்டவளுக்கு இல்லை, மே மாதத்தில் கட்டிக்கொண்டவளுக்கு உண்டு. எண்பத்தொன்பதுக்கு முன்னாடியா, பின்னாடியா என்ற கேள்வி அடுத்த பதினாறு வருடங்களுக்குத் தமிழ்நாட்டு வக்கீல் அலுவலகங்களில் முதல் கேள்வியாக இருந்தது. கல்யாணப் பத்திரிகைகள் நீதிமன்றத்தில் சாட்சி ஆவணங்களாயின. பங்குள்ள தங்கைகளிடமும் சொத்து போய்ச் சேர்ந்துவிடவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச்சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு பட்டுச்சேலையோ சிறு தொகையோ கொடுத்து அனுப்பிவைப்பது ஊருக்கு ஊர் நடந்தது, இன்றும் நடக்கிறது. தாய்வீடு போய்விடுமோ, தன் பிள்ளைகளின் காதுகுத்துக்கு அண்ணன் மாமன் சீரோடு வராமல் போய்விடுவானோ என்ற பயத்தில் போடப்பட்ட கையெழுத்துகள் அவை. அந்தப் பயத்தை நான் குறைத்து மதிக்கமாட்டேன். ஒரு பெண் கணவன் வீட்டில் அடிபட்டு வந்தால் ஓடிவந்து நிற்க அந்த ஒரு வாசல்தான் இருந்தது. சொந்தமாக மூன்று ஏக்கர் இருந்திருந்தால் அவள் யார் வாசலிலும் நிற்க வேண்டியிருந்திருக்காது என்பதும் உண்மை.

கல்யாணக் கோடு 2005 செப்டம்பர் 9இல் அழிந்தது. மத்திய அரசே சட்டத்தைத் திருத்தி, நாடு முழுக்க, கல்யாணமானவளோ ஆகாதவளோ எல்லா மகள்களையும் பங்காளிகளாக்கியது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உரிமை பிறப்பால் வருவது, தந்தை எப்போது இறந்தார் என்பது முக்கியமில்லை என்றது அந்தத் தீர்ப்பு. அத்தோடு மகள் பங்கின் கதை முடிந்துவிட்டதாகவே பலரும் எழுதினார்கள்.

முடியவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாவது பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது. அரசியல் சாசனத்தின்படி பட்டியல் பழங்குடியினர் எவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால் ஒழிய. 1989, 2005 என்று இரண்டு முறை மகளுக்காகச் சட்டம் திறக்கப்பட்டது. இரண்டு முறையும் இந்த உட்பிரிவை யாரும் தொடவில்லை. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர். அவர்களில் மிகப்பெரிய சமூகம் சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை, ஜவ்வாது மலைகளில் வாழும் மலையாளிகள்தாம். கேரளத்தவரோடு இவர்களுக்குத் தொடர்பு இல்லை.

ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், வெள்ளக்கடை பக்கம் போனால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற, கீழே காப்பிச் செடிகள் நிற்கும் நிலங்களைப் பார்க்கலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த பிறகு இந்த மலை நிலத்துக்கு விலை வந்தது. விலை வந்ததும் வெள்ளைக்காரர்களின் எஸ்டேட்டுகள் வந்தன, பிறகு சமவெளிக்காரர்கள் வந்தார்கள். மலையாளிகள் கையில் மிஞ்சிய நிலத்தில் காப்பிப் பழம் பறிப்பதும், களை எடுப்பதும், மிளகு காயவைப்பதும், சாமையும் ராகியும் விதைப்பதும் பெரும்பாலும் பெண்கள். பட்டா ஆண் பெயரில். அடுத்த பட்டா அவன் மகன்கள் பெயரில்.

இந்த மலைக்கு வேறொரு சிறப்பு உண்டு. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். ஏற்காட்டு உறுப்பினர் பெருமாள் 2013இல் காலமானதால் டிசம்பரில் இடைத்தேர்தல் வந்தது. அவர் மனைவி சரோஜா 78 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2016இலும் 2021இலும் வென்றவர் சித்ரா. 2021 தேர்தலில் மாநிலம் முழுவதும் வென்ற பெண்கள் வெறும் 12 பேர். அவர்களில் ஒருவர் இந்த மலையின் உறுப்பினர். ஊராட்சிகளிலும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூன்றில் ஒரு பங்கும், 2016 திருத்தத்தால் பாதியும் பெண்களுக்கு வந்துவிட்டன. ஊராட்சித் தலைவியாகி வரி ரசீதில் கையெழுத்திடும் பெண்ணுக்கு அப்பன் விட்டுப்போன காப்பித் தோட்டத்தில் ஒரு செடி சொந்தமில்லை. 1921இல் பெண் சொத்தில்லாததால் அரசியலுக்கு வரமுடியாமல் இருந்தாள். நூறு ஆண்டுகளுக்குப் பின் அரசியலுக்கு வந்துவிட்டாள், சொத்து வரவில்லை.

நீதிமன்றத்தில்தான் முதலில் அசைவு தெரிந்தது. 2022 டிசம்பரில் ஒடிசாவிலிருந்து வந்த வழக்கில், பழங்குடி மகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. சொல்லிவிட்டு, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இவர்களுக்குச் சமபங்கு இல்லாதது சரியல்ல, சட்டத்தைத் திருத்துவது பற்றி யோசியுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. இரண்டே மாதத்தில், 2023 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் ஒரு தீர்ப்பளித்தார். வழக்கு சேலத்திலிருந்து வந்தது. பழங்குடிக் குடும்பத்துப் பெண்களுக்குச் சமபங்கு உண்டு என்று சேலம் நீதிமன்றம் சொல்லியிருந்ததை எதிர்த்துக் குடும்பத்து ஆண்கள் மேல்முறையீடு செய்திருந்தார்கள். பெண்களை விலக்கும் வழக்காறு இருப்பதாக நிரூபிக்கப்படாதபோது அவர்களுக்கும் சமபங்கு உண்டு என்று உயர் நீதிமன்றம் சேலத்துத் தீர்ப்பை உறுதி செய்தது. மத்திய அரசின் வழியாக உரிய அறிவிக்கை வெளிவர நடவடிக்கை எடுக்கும்படி தமிழ்நாடு அரசுக்கும் உத்தரவிட்டது. மகள் பங்கின் வரலாற்றில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் சேலத்தின் பெயரையும் நான் எழுதிக்கொள்வது இதனால்தான். அந்தப் பெண்கள் மேடை ஏறியவர்கள் இல்லை. கூடப்பிறந்தவர்களை எதிர்த்துக் கோர்ட்டுப் படி ஏறியவர்கள். அதற்கு வேண்டிய துணிச்சல் தேர்தலில் நிற்பதற்கு வேண்டியதைவிடப் பெரிது.

2025 ஜூலையில் சத்தீஸ்கர் கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. பெண்ணுக்குப் பங்கு கொடுக்கும் வழக்காறு இருக்கிறதா என்று பெண்ணிடம் சாட்சி கேட்கக் கூடாது. அவளை விலக்கும் வழக்காறு இருக்கிறதென்று சொல்பவர்தான் அதைக் காட்டவேண்டும். காட்டாதபோது சமத்துவமும் நியாயமும்தான் அளவுகோல் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் இமாசலப் பிரதேச வழக்கொன்றில், இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தும் என்று எந்த நீதிமன்றமும் தானாக அறிவித்துவிட முடியாது, அதற்கு அரசிதழ் அறிவிக்கையே வழி என்றும் தெளிவாக்கியது. ஆக நீதிமன்றம் போகக்கூடிய தூரம் போயாகிவிட்டது.

மலையில் மகள் பங்குக்கு எதிர்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. சேல நாடு, மோக நாடு, முட்ட நாடு என்று பிரிந்து, பட்டக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் வழக்குத் தீர்த்துவந்த சமூகம் இது. பெண் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டால் அவள் பங்கு நிலம் சமவெளிக்காரன் கைக்குப் போய், கடைசியில் அங்கே ஒரு ரிசார்ட்தான் நிற்கும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். இரண்டு நூற்றாண்டுகளாக நிலத்தை இழந்துவந்தவர்களின் அச்சம் அது. அலட்சியமாகத் தள்ளக் கூடாது. ஆனால் இதுவரை மலையை விட்டுப்போன நிலம் எந்தப் பெண் கையெழுத்தால் போனது? பட்டா ஆண்கள் பெயரில் இருந்தபோதுதான் அத்தனையும் போனது. பழங்குடி நிலத்தை வெளியார் வாங்காமல் தடுக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி விதி போடலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் திருமணமான தம்பதிக்கு இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் உரிமை தருகிறது. அந்த நிலத்தை விற்கவும் முடியாது. பெண் பெயரும் இருக்கிறது, நிலமும் மலையிலேயே இருக்கிறது. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்ற பேச்சுக்கு அந்தச் சட்டமே பதில்.

அறிவிக்கைக்காக டெல்லியைப் பார்த்தே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. வாரிசுரிமை பொதுப்பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் 1989இல் சென்னையே சட்டத்தைத் திருத்தி, குடியரசுத் தலைவர் ஒப்புதலையும் பெற முடிந்தது. அதே வழியில் இன்னொரு திருத்தத்தைப் பேரவையில் கொண்டுவர முடியும் என்பது என் எண்ணம். கொண்டுவரத் தகுதியான குரல் ஏற்காட்டிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் போகும் இரண்டு குரல்கள்தாம். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

2024இல் ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற மலையாளி சமூகப் பெண் 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். குழந்தை பிறந்த இரண்டே நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான முன்னுரிமை அவருக்கு உதவியது. முதலமைச்சர் உட்பட நாடே வாழ்த்தியது. பாகப்பிரிவினை வழக்குகள் முதலில் வந்து நிற்பது உரிமையியல் நீதிபதி முன்புதான். மற்றவர்களின் மகள்களுக்குச் சட்டப்படி பங்கு பிரித்துக் கொடுக்கும் இருக்கையில் உட்காரும் இந்த மலை மகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ ஒரு பெண் இன்றைக்கே தன் பங்கைக் கேட்க நினைத்தால், அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுதலைப் பத்திரம் என்று யார் நீட்டினாலும் படித்துக்காட்டச் சொல்லாமல் கையெழுத்திட வேண்டாம். நிலத்தின் பட்டா நகலையும், தந்தையின் இறப்புச் சான்றையும், வாரிசுச் சான்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தரவேண்டும். தொலைபேசியில் கேட்க 15100. எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு என்ற 2025 ஜூலைத் தீர்ப்பை வழக்கறிஞரிடம் நினைவூட்டலாம்.